பழைய கணினியில் படம் வரவில்லையா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. இந்த நிலையில் சிங்கப்பூரில் பலர் நேராக சிம் லிம் ஸ்கொயர் மின்னணுக் கடைத்தொகுதிக்குப் போய், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பத்து ஆண்டு ஓடிய பெட்டியில் கார்டைச் சந்தேகிக்கும் முன் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பலகையைச் சந்தேகிக்கவேண்டும். அதன் முனைகளில் படலம் படிந்து தொடர்பு விட்டுப்போயிருந்தாலும் இதே அறிகுறிதான். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும்; மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். இரவு முழுக்க ஏர்கான் ஓடிய அறையில் காலையில் சன்னலைத் திறந்தால், அந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தில்தான் போய்ப் படியும். மரின் பரேட், பாசிர் ரிஸ் மாதிரி கடலோர வட்டாரங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

முதல் வேலை, பழுது மானிட்டரிலா பெட்டியிலா என்று பிரிப்பது. வீடியோ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து பளிச்சென்று வந்தால் மானிட்டர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. எதுவும் வராவிட்டால் அறை விளக்கை அணைத்து, மானிட்டரை மீண்டும் போட்டு, டார்ச் ஒளியைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் படம் காட்டும் பேனலுக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பின்விளக்கு போய்விட்டது என்று பொருள்.

படம் வந்து, கோடும் புள்ளியுமாக இருக்கிறதா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் கோளாறு கார்டிலோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் கேபிள், மானிட்டர், அல்லது கார்டின் வெளியீட்டுப் பகுதி. செங்குத்தாக, இடம் மாறாமல், மானிட்டரின் சொந்த மெனுவின் மேலும் ஒரு கோடு நின்றால் அது பேனலின் ஓரத்து இணைப்பு விட்டுப்போனது. அதற்குச் செலவழிக்காதீர்கள்.

இனி ரேம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். தங்க நிற முனைகளை மென்மையான வெள்ளை அழிப்பானால் இருபக்கமும் லேசாகத் தேயுங்கள். அழுத்தினால் தங்கப்பூச்சு போய்விடும். பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ரேம் செருகும் துளையைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போதும். முதலில் ஒரே ஒரு ரேமைச் செருகி, இருபக்கக் கொக்கியும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்துங்கள். படம் வரவில்லையென்றால் வேறு துளை, பிறகு வேறு ரேம். கிராஃபிக்ஸ் கார்டின் முனைக்கும் இதே வைத்தியம்தான்.

அப்படியே மதர்போர்டில் (எல்லாம் செருகப்படும் முதன்மைப் பலகையில்) இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியையும் மல்ட்டிமீட்டரால் (மின்னளவைக் கருவியால்) அளந்துவிடுங்கள். புதிதில் 3 வோல்ட், 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றவேண்டியதுதான். அது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, எந்த வழியாகப் படம் வரவேண்டும் என்று பயாஸில் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளில்) உள்ள அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் கேபிளை மதர்போர்டு, கார்டு இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

பழைய விஜிஏ கேபிள் நிறத்திலேயே பழுதைச் சொல்லிவிடும். 1, 2, 3 ஆம் முனைகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம். திரை ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. மஞ்சளடித்தால் நீலம் இல்லை. பச்சைநீலமாக இருந்தால் சிவப்பு இல்லை. கேபிளைக் கழற்றி அந்த முனை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக்குழாயில் அதை நுழைத்து மெல்ல நிமிர்த்தலாம். உள்ளே போய் அமுங்கியிருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள்.

மானிட்டர் விட்டுவிட்டு எரிவது, சூடேறிய பிறகே படம் நிலைப்பது ஆகியவை மானிட்டரின் பவர் போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளை) உப்பியதற்கான அடையாளம். தலை தட்டையாக இல்லாமல் மேடிட்டிருக்கும், சிலவற்றில் பழுப்பாகக் கசிந்திருக்கும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை. பட்டைக்கோடு இருக்கும் பக்கம் நெகட்டிவ். திருப்பி சால்டர் செய்தால் வெடிக்கக்கூடும். இங்கே கட்டாயம் கவனிக்கவேண்டியது: நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போய் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். மல்ட்டிமீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்யாமல் போர்டில் விரல் வைக்காதீர்கள். மீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் மூடியையே திறக்கவேண்டாம்.

படம் வந்தும் எல்லாம் பெரிதாக, 1024×768 அளவிலேயே நிற்கிறதென்றால் டிரைவர் விழுந்துவிட்டது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்தினால் டிரைவர் மீண்டும் துவங்கும். சரியாகாவிட்டால் பழைய டிரைவரை முழுதாக நீக்கி, உங்கள் கார்டுக்கான கடைசிப் பதிப்பைப் போடுங்கள், புதிதாக வந்ததை அல்ல. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 660, 760 போன்றவற்றுக்கு ஆதரவு 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது.

பேனல் போன மானிட்டரைக் குப்பைக் குழாய் பக்கம் வைக்காதீர்கள். பழைய மானிட்டர்களின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள மின்னணுக் கழிவுத் திட்டத்தின்படி, புது மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை பழையதை இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும், வாங்கும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.