கடைக்குட்டி

மார்ச் 2
எங்க ஆடு கருப்பிக்குச் சினை இன்னையோட 148 நாள். 150ன்னு கணக்கு, ஆனா வாலடியில ரெண்டு பக்கமும் தொளதொளன்னு ஆயிருச்சு, மடி இறுகி மினுமினுங்குது. கொட்டில்லயே படுத்துக்கிறேன்.

மார்ச் 3
இன்னும் இல்ல.

மார்ச் 4
மூணு! முதல் ரெண்டும் மடமடன்னு விழுந்து பத்து நிமிசத்துல எந்திரிக்கப் பாத்துச்சுங்க, மூணாவது முக்கா மணி நேரம் கழிச்சு வந்துச்சு, கையளவுதான். வாய்க்குள்ள விரல விட்டா ஜில்லுன்னு இருக்கு. சீம்பால் எடுத்துட்டு ஓடுனேன், அப்பா கையப் புடிச்சு நிறுத்திட்டாரு. குளுந்து கெடக்குற குட்டிக்குப் பால் ஊத்தாத, நுரையீரலுக்குப் போயிரும், மொதல்ல சூடேத்துன்னாரு. சாக்குல சுத்தி ரெண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வெச்சு மடியிலயே ஒண்ணரை மணி நேரம். அப்புறம் என் விரலச் சப்புச்சு.

மார்ச் 5
கருப்பி அத முட்டித் தள்ளுறா. மோந்து பாக்குறா, தள்ளுறா. கோவமா வருது. காம்பு ரெண்டுதானே, அவளும் என்ன பண்ணுவா.

மார்ச் 7
கோழி அடை உக்காந்து 7 நாள். ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தோம், 12ல 9 முட்டையில நரம்பு ஓடியிருக்கு, சிலந்தி கால் விரிச்ச மாதிரி. பாப்பா மூச்சே விடல. கடைக்குட்டிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா பாட்டில். தூக்கம் போச்சு.

மார்ச் 8
எங்க இன்னொரு ஆடு செவலைக்குக் குட்டி செத்துப் பொறந்துச்சு. முழுசா வளந்த குட்டி, பொறக்கும்போது குளம்பு நுனியில இருக்குற அந்த மெத்துன்னு மஞ்சள் உறை கூட இருந்துச்சு. வைக்கோல் வெச்சுத் தேச்சோம், மூக்குல ஊதுனோம், ஒண்ணும் ஆகல. செவலை அடித்தொண்டையில ஒரு சத்தம் போடுறா, குட்டிக்குன்னு மட்டும் வெச்சிருக்குற சத்தம், அதப் போட்டுக்கிட்டே நக்குறா நக்குறா, என்னால நிக்க முடியல, வெளிய போயிட்டேன். கடைக்குட்டியக் கொண்டான்னு அப்பா கூப்புட்டாரு. செவலை தன் குட்டின்னு நெனைக்கட்டும்னு அவ பனிக்குடத் தண்ணிய அது தலை, முதுகு, வாலடி பூரா தேச்சாரு, நாலு நாள் குட்டி துள்ளுனா கண்டுபுடிச்சிருவான்னு காலை லேசாக் கட்டி அவ முன்னாடி படுக்க வெச்சாரு. செத்தத என் கையில குடுத்தாரு. இன்னும் சூடு ஆறல.
மோந்தா. ரொம்ப நேரம் மோந்தா. அப்புறம் வாலடியில நக்குனா.

மார்ச் 9
குடிக்க விடுறா!!

மார்ச் 11
புதைச்ச எடத்துல மண்ணு இன்னும் ஈரமாவே இருக்கு. போன மாசம் செவலைய இன்னொரு ஆடு வயித்துல முட்டுச்சு, நான் பாத்துட்டும் சும்மா இருந்தேன், அதனாலயா, இல்ல தீவனமா, இல்ல நான் கருப்பி பக்கத்துலயே கெடந்து இவளக் கவனிக்கலையா. அப்பாகிட்ட கேக்கத் தைரியம் இல்ல.

மார்ச் 15
மரமெல்லாம் துளிர். மூணு குட்டியும் அப்பா முதுகுல ஏறிக் குதிக்குதுங்க.

மார்ச் 20
முட்டைக்குள்ள இருந்து கீச்சுன்னு சத்தம்.

மார்ச் 21
8 குஞ்சு. ஒண்ணு ஓட்டுல சின்ன ஓட்டை போட்டுட்டு அப்படியே நிக்குது. உடைச்சு விடவான்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா. ரத்தம் முழுசா உள்ள இழுத்திருக்காது, ஓட்டைப் பிச்சா செத்துரும், ஒரு நாள் முழுக்கக் கூட எடுக்கும்.

மார்ச் 22
வரல. கோழியே எந்திரிச்சுப் போயிருச்சு. பாப்பா என்கிட்ட பேசல.

மார்ச் 24
கடைக்குட்டி காலையில குடிக்கல. செவலைகிட்ட போய் நிக்குது, திரும்பி வந்துருது. வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தேன். சூடாத்தான் இருக்கு. இன்னொருக்கா போய்ப் பாக்கணும்