பே தண்ணீர்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எனக்குக் கெமிஸ்ட்ரி பிரிவில் வேலை. உலையிலிருந்து வெளியே வரும் பயன்படுத்திய எரிபொருளைப் போட்டு வைக்கும் குளத்தை நாங்கள் 'பே' என்போம். அதன் தண்ணீரைச் சோதிப்பது என் பொறுப்பு.

ஒரு எரிபொருள் கட்டு அரை மீட்டர் நீளம். உள்ளே யுரேனியம் அடைத்த 19 குச்சிகள். புதுக் கட்டைக் கையுறை போட்டுக்கொண்டு தூக்கலாம். அதுவே உலைக்குள் போய் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பதே உயிருக்கு ஆபத்து. ஆனால் அது சில மீட்டர் ஆழத்தில் கிடக்க, நாங்கள் மேலே பாலத்தில் நின்று நிதானமாக வேலை பார்ப்போம். கதிரைத் தடுப்பதும் தண்ணீர்தான், சூட்டை இழுப்பதும் தண்ணீர்தான். அணுப்பிளவு நின்றாலும் சூடு சட்டென்று நிற்காது. உலைத் திறனில் 6, 7 சதவீதமாக இருப்பது ஒரு நாளில் அரை சதவீதத்துக்கு வந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும்.

சாம்பிள் எடுத்து பி.எச். (அமிலத்தன்மை), கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்தும் தன்மை), குளோரைடு பார்ப்போம். எரிபொருளுக்குள் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 தண்ணீரில் கூடினால் எங்கோ ஒரு குச்சியின் உறை கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பே பக்கம் போகுமுன் சட்டைப்பையைக் காலி செய்துவிட வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கும் கயிறு கட்ட வேண்டும். நிறமில்லாத பிளாஸ்டிக் உறை, கவர் எதுவும் கூடாது. விழுந்தால் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பம்ப்பின் உறிஞ்சுவாயை அடைத்துக்கொண்ட பிறகுதான் தெரியவரும்.

2011 மார்ச்சில் விபத்து நடந்தபோது, ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நான்காம் அலகின் குளத்தில் 1,535 எரிபொருள் தொகுதிகள் இருந்தன. மின்சாரம் போனதும் நீர்மட்டம் எவ்வளவு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குளம் வற்றிவிட்டது என்றே உலகம் பயந்தது. உண்மையில் தண்ணீர் இருந்தது. 2014 முடிவதற்குள் எல்லாவற்றையும் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, நீர்மட்ட அளவியைத்தான் பே குளத்தின் முதல் பாதுகாப்புக் கருவி என்பேன்.

கூடங்குளத்தில் இத்தகைய சேமிப்பு வசதிக்கான மக்கள் கருத்துக் கேட்பு 2019 ஜூலையில் நடக்க இருந்து ஒத்திவைக்கப்பட்டது. 'கழிவு எங்கே போகும்?' என்று கேட்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என ஒதுக்கியவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. கல்பாக்கத்தில் பயன்படுத்திய எரிபொருளுக்கான மறுசுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் உயர்கதிர்க் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக வைப்பதுதான் நம் நாட்டு வழி. அந்தக் கண்ணாடியை நிரந்தரமாகப் புதைக்க ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டு, 'எல்லாம் பத்திரமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லி மக்களை அனுப்பி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.