தட்டிப் பார்த்து ஏறிய பாறை: கர்ஜத் பக்கம் என் முதல் டிராட் லீட்

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நானே முன்னால் போய் (அதுதான் லீட்) டிராட் என்னும் பாறையேற்ற முறையில் ஒரு ரூட்டை ஏறி முடித்தேன். 22 மீட்டர் உயரம், கீழிருந்து மேல்வரை ஒரே நீள வெடிப்பு. சுவரில் துளையிட்டு நிரந்தரமாகப் பதித்த போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. விழுந்தால் நம்மைத் தாங்க வேண்டியதை நாமே வெடிப்புக்குள் செருகிக்கொண்டு ஏற வேண்டும். பின்னால் வருகிறவர் அத்தனையையும் கழற்றி எடுத்து வந்துவிடுவார். ஏறிய தடம் பாறையில் மிஞ்சாது. அக்டோபரில் ஆரம்பித்தது, நான்கு மாதம் பிடித்திருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மும்பை குர்லாவில் கர்ஜத் லோக்கலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அப்புறம் ஷேர் ஆட்டோ, அதற்குப் பிறகு ஓடைக்கரையோடு ஒன்றரை மணி நேர நடை. பாறை எந்த ஊருக்குப் பின்னால் என்று எழுதப்போவதில்லை. அங்கே கழுகும் தேனீயும் குடியிருக்கின்றன, கூட்டம் சேர வேண்டாம்.

மும்பையைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு உறைந்த பாசால்ட்தான். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு ஓடிப் பரவி, ஆறி, அதன் மேல் அடுத்தது ஓடி, அடுக்கடுக்காக ஏறிய தக்காணப் பாறை. ஆறும்போது சுருங்கியதால் செங்குத்தாக வெடிப்பு விட்டிருக்கிறது. அந்தேரியில் கில்பர்ட் குன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தூண்களை நெருக்கி நிறுத்தி வைத்தது போல நிற்கும். எங்கள் சுவரில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. ஆனால் நமக்குத் தேவையான வெடிப்பு உண்டு. இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு மண் பட்டை ஓடும். அதில் விரல் வைத்தாலே உதிரும், கருவி எதுவும் நிற்காது. இன்னொரு வகைப் பாறையில் பழைய வாயுக் குமிழிகள் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் படிகம் நிறைந்திருக்கும். பார்க்க அழகு, கையைக் கிழிக்கும். கெட்டியான கரும்பாறையில்தான் நம்பி உயிரை வைக்கலாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெரு அக்கா. பதினைந்து வருடமாகச் சஹ்யாத்ரியில் (மேற்குத் தொடர்ச்சி மலை) ஏறுகிறவர். அக்டோபர் முழுக்க என்னைத் தரையை விட்டு மேலே விடவில்லை. மழை முடிந்தும் வெடிப்பில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, அதுவும் ஒரு காரணம். பாறையின் அடியில் நின்று நட் செருகு, இழு, கழற்று, மறுபடி செருகு என்று நாள் முழுக்க அதே வேலை. நட் என்பது ஆப்பு மாதிரி இருக்கும் உலோகக் கட்டி, கம்பி கோத்திருக்கும். வெடிப்பு மேலே அகன்று கீழே குறுகும் இடத்தில் இறக்கினால் சிக்கிக்கொள்ளும். 1950களில் பிரிட்டனில் ரயில் பாதையோரம் கிடந்த நிஜ நட்டுகளைப் பொறுக்கி, கயிறு கோத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நவம்பரில் மேலிருந்து ஒரு காப்புக் கயிறு கட்டிக்கொண்டு லீட் ஒத்திகை. ஐந்து நட் வைத்தேன். ஏறி முடித்துக் கீழே பார்த்தால் இரண்டு நட் கயிற்றோடு சறுக்கி, கீழே கயிறு பிடித்திருந்த அக்காவின் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தன. வைத்ததில் தப்பில்லை. நட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே நீளமான ஸ்லிங் (நாடா வளையம்) போடாததால் நான் ஏற ஏறக் கயிறு அவற்றை மேல்பக்கமாக இழுத்து உருவிவிட்டது. கீழ்ப்பக்க இழுப்பை மட்டுமே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து வளைவு இருக்கும் இடத்திலெல்லாம் 60 செ.மீ. ஸ்லிங் போடுகிறேன்.

டிசம்பரில் கேம். ஸ்பிரிங்கில் விரியும் பற்களோடு 1970களில் ரே ஜார்டின் என்ற அமெரிக்க மலையேறி உருவாக்கிய கருவி. விசையை இழுத்தால் சுருங்கும், வெடிப்புக்குள் விட்டால் விரிந்து பிடிக்கும். பயத்தில் பெரிய அளவை எடுத்து முழுக்கச் சுருக்கித் திணித்துவிட்டேன். அதை வெளியே எடுக்க அக்காவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. திட்டவில்லை. "பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாச் சுருங்கி நிக்கணும். அதுதான் அளவு. அவசரப்படாத" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இந்த விஷயம் நிஜமாகப் பிடிபட்டது பாறையில் இல்லை, குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில். பொங்கலுக்குப் பானை வாங்க அம்மாவோடு போயிருந்தேன். அம்மா ஒவ்வொரு பானையையும் இடது கையில் தூக்கி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதருகே பிடித்தார். ணங்கென்று கேட்டால் ஒரு பக்கம், டப்பென்று கேட்டால் திரும்பக் கடைக்காரரிடம். கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாத பானையைக்கூடத் தள்ளிவைத்தார். அக்கா ஒவ்வொரு முறையும் "முதல்ல தட்டு, அப்புறம் வை" என்று சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது. நான் அதுவரை வெடிப்பின் அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெடிப்பின் இரண்டு சுவரும் மலையோடு சேர்ந்தவையா என்று கேட்டதே இல்லை.

சரி, போன ஞாயிறு. கிராமத்து மாமா வழக்கம்போல எங்களை நிறுத்தி, சென்ட் அடித்திருக்கிறோமா என்று மராத்தியில் கேட்டார். மலைத்தேனீக்கு வாசனையும் புகையும் ஆகாது. அடை சுவரின் இடது கோடியில், எங்கள் வெடிப்பிலிருந்து வெகு தூரம் தள்ளி இருந்தது. பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கயிற்றைப் பிரித்தோம்.

முதல் பத்து மீட்டர் சுலபம். நட், நட், கேம், மறுபடி ஒரு நட். ஒவ்வொன்றுக்கு முன்னும் தட்டினேன், கெட்டியான ஊமைச் சத்தம். பானைக்கு நேர்மாறு, பாறைக்கு இதுதான் நல்ல சத்தம். பதினொன்றாவது மீட்டரில் கால் நடுங்கத் தொடங்கியபோது கண்ணெதிரே அருமையான ஒரு இடம் தெரிந்தது. ஒரு பாளத்துக்குப் பின்னால் சீரான இடைவெளி, கேமுக்கென்றே செய்தது மாதிரி. உள்ளங்கையால் தட்டினேன். தவில் போல அதிர்ந்தது. பாளத்தின் கீழ் ஓரத்திலிருந்து மண் ஒரு சிட்டிகை உதிர்ந்து என் மணிக்கட்டில் விழுந்தது.

கேம் தன்மேல் விழும் இழுப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு இரண்டு பக்கமும் தள்ளும். நான் விழுந்தால் அது பாளத்தை நெம்பிப் பெயர்த்துவிடும். பாளம் போய் விழும் இடத்தில் அக்கா நின்றிருந்தார். கேமை இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு, பாளத்தைத் தொடாமல் வலது விளிம்பைப் பிடித்து மேலே போனேன். கடைசி நட் இடுப்புக்கு இரண்டரை மீட்டர் கீழே இருந்தது. விழுந்திருந்தால் அதைப் போல இரட்டிப்புத் தூரம், கயிறு இழுபடுவது அதற்கும் மேல். மூச்சை எண்ணிக்கொண்டு ஏறினேன். மேலே வெடிப்பு குறுகும் இடத்தில் தட்டியபோது மலையே பதில் சொன்னது போல இருந்தது. ஏழாம் எண் நட்டை இறக்கி, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்து, கயிற்றை மாட்டிய பிறகு, "வச்சிட்டேன்கா!" என்று கத்தினேன். "கேட்டுச்சு" என்றார் கீழிருந்து.

உச்சியில் மூன்று கருவி வைத்து, பாரம் சமமாகப் பிரியும்படி கட்டி, அக்காவை ஏற்றினேன். வரும்போதே ஒவ்வொன்றையும் கழற்றுமுன் பார்த்து மதிப்பெண் சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் வைத்தது எட்டு. ஆறு நன்று, ஒன்று சுமார், மூன்றாவதாக வைத்த கேம் தேறாது: ஒரு பக்கப் பற்கள் பாதிதான் சுவரைத் தொட்டிருந்தனவாம். பாளத்தருகே வந்தபோது மட்டும் எதுவும் சொல்லாமல் நின்று, தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

பக்கத்து வெடிப்பு இன்னும் அகலம். அதற்கு மூன்றாம் எண்ணுக்கு மேற்பட்ட கேம் இரண்டு வேண்டும், என்னிடம் இல்லை. அக்காவின் நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறோம். மார்ச் வெயிலில் அந்தச் சுவர் தோசைக்கல் ஆகிவிடும், அதற்குள் இரண்டு ஞாயிறாவது போக வேண்டும்.