சத்தமில்லாத கப்பலின் விலை

டெண்டரில் எல்-1, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவர்கள், நாங்கள்தான் என்று தெரிந்த அன்று எங்கள் கப்பல் கட்டும் யார்டில் லட்டு கொடுத்தார்கள். விலை போட்டவன் என்பதால் எனக்கு இரண்டு. ஆனால் இரண்டாவதாக வந்த கம்பெனியின் விலையைப் பார்த்ததும் லட்டு தொண்டையில் நின்றது. அவர்கள் எதையோ கவனித்திருக்கிறார்கள், நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

அது ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்கான கப்பல். தண்ணீருக்கடியில் அதன் சத்தம் ஐ.சி.இ.எஸ். 209 வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி. கப்பல் 11 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.) வந்தாலும் மீன் மிரண்டு ஓடக் கூடாது என்பதற்காக ஐ.சி.இ.எஸ். என்ற சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் 1995-ல் வகுத்த வரம்பு. சரக்குக் கப்பல் கட்டிய பழக்கத்தில் ஜெனரேட்டருக்கு அடியில் நல்ல ரப்பர் மவுண்டுக்கு மட்டும் காசு சேர்த்திருந்தேன். ஜெனரேட்டரை இரட்டை மவுண்டில் தூக்கி உட்கார வைக்க வேண்டும், அதற்கேற்ப அடிச்சட்டம் கனக்கும், ஒவ்வொரு பைப் கிளாம்புக்கும் ரப்பர் வேண்டும், புரொப்பல்லரைத் தனியாக வடிவமைக்க வேண்டும் என்பதெல்லாம் வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன்பக்கம் உடையும் அலையின் காற்றுக்குமிழ்கள் அடிப்பகுதி வழியே வழிந்து, ஒலி அனுப்பிக் கடலடியை அளக்கும் மல்டிபீம் சோனாரைக் குருடாக்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வடிவத்தைத் திருத்தி, சிறு மாதிரியைத் தொட்டியில் ஓட்டிப் பார்க்கும் மாடல் டெஸ்ட் மறுபடியும். ஒப்பந்தமோ நிலையான விலை, ரூபாயில். கேபிளைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் சோனாரும் வாங்குவதோ யூரோவில்.

இதெல்லாம் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மிச்ச நஷ்டம் வாய்வார்த்தையில் போனது. விஞ்ஞானிகள் மாதம் ஒருமுறை வருவார்கள். தங்கமான மனிதர்கள். "சார், இந்த வின்ச்சை ஒரு மீட்டர் தள்ளினால் கேபிள் உரசாது" என்பார்கள். நியாயம்தான். தள்ளினோம். கீழே டெக்கை வலுப்படுத்தி, கேபிள் ட்ரேயைப் பிரித்துப் போட்டு, எடைக் கணக்கை மறுபடி பார்த்தோம். "எழுத்தில் அப்புறம் தருகிறோம்" என்றார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது நிதிப் பிரிவில் இருந்தது. அங்கிருந்து யாரும் யார்டுப் பக்கம் வந்ததே இல்லை. தாமதத்துக்கு மட்டும் வாரம் அரை சதவீதம் தவறாமல் பிடித்தார்கள். காரணம் கேட்டால், "மாற்றத்துக்கான உத்தரவு எங்கே?"

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் மூன்று ஆராய்ச்சிக் கப்பல்களை ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் லூசியானாவின் கல்ஃப் ஐலண்ட் யார்டில் கட்டக் கொடுத்தது. எண்ணெய்க் கிணற்று மேடைகளைக் கட்டிப் பழகிய கம்பெனி, கற்றுக்குட்டி அல்ல. நஷ்டக் கணக்கு எழுதி எழுதி, 2021 ஏப்ரலில் கப்பல் பிரிவையே பொலிஞ்சர் நிறுவனத்துக்கு விற்றது. முடியாத மூன்று கப்பல்களும் கூடவே கைமாறின. படித்தபோது, வெட்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எங்கள் கப்பல் சத்தப் பரிசோதனையில் தேறியது. கடல் சோதனையின்போது ஒரு விஞ்ஞானி என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வரிவரியாக விரிவதைக் காட்டினார். "எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்!" உண்மையில் அழகாகத்தான் இருந்தது. வின்ச் மாற்றத்தின் கூட்டக் குறிப்பை என் பையிலேயே வைத்திருந்தேன். நீட்டினேன். படித்துவிட்டு, "இதில் நான் கையெழுத்துப் போட முடியாதே சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.