வலைச் சேவையகச் செய்முறைப் பரீட்சை: எந்தக் கோப்புறையில் நிறுவுவது?

இணையச் செயலி விருத்திச் செய்முறைப் பரீட்சையின் பெறுபேறு சென்ற வாரம் வெளியாகி, நானும் சித்தியடைந்திருப்பதால், அடுத்த முறை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து தோற்றவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பும் புள்ளிப் பங்கீடும் உங்களுக்குத் தெரிந்தவையே. பலரும் பிஎச்பி மொழி நிரல்களை மனனம் செய்துகொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால், எங்கே நிறுவுவது என்று நிறுவி கேட்கும் அந்த ஒரு பெட்டியிலேயே பாதிப் பரீட்சை முடிந்துவிடுகிறது.

அப்பாச்சி என்ற வலைச் சேவையகம், தரவுத்தளம், பிஎச்பி மூன்றையும் ஒன்றாக நிறுவித்தரும் எக்ஸாம்ப், சி ட்ரைவின் மேல்மட்டத்தில் தன் பெயரிலேயே ஒரு கோப்புறையை முன்மொழியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற மென்பொருள்கள் யாவும் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கின்றன, இதையும் அங்கேயே ஒழுங்காக வைப்போம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2007 இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பரவலான பயனர் கணக்குக் கட்டுப்பாடு, சாதாரண உரிமையுடன் இயங்கும் செயலிகளை அந்தக் கோப்புறைக்குள் எழுத விடுவதில்லை. சேவையகமோ தன் நிகழ்வுப் பதிவேடு (log), தரவுத்தளம், பதிவேற்றப்படும் படங்கள் என ஓயாமல் எழுதிக்கொண்டேயிருப்பது.

எழுத முடியவில்லை என்பதை விண்டோஸ் எப்போதும் சொல்லிவிடுவதுமில்லை. பழைய 32 பிட் உரைத் தொகுப்பி ஒன்றில், புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் சேவையகத்தின் அமைவுக் கோப்பைத் திருத்திச் சேமித்தால், அந்தப் பிரதியைச் சத்தமின்றி உங்கள் பயனர் கோப்புறைக்குள் இருக்கும் வர்சுவல் ஸ்டோர் என்ற கோப்புறையில் போட்டுவிடக்கூடும். அதே தொகுப்பியில் திறந்து பார்த்தால் திருத்தம் தெரியும். விண்டோஸ் சேவையாக இயங்கும் அப்பாச்சி அசல் கோப்பையே வாசிப்பதால், எத்தனை முறை நிறுத்தித் தொடக்கினாலும் பக்கம் மாறாது. பக்கத்து மேசையில் இருந்த அண்ணா ஒருவர் இதனுடன் மல்லுக்கட்டியே நேரத்தை முடித்தார். நிரல் எழுதுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

தவிர்க்க வேண்டிய வேறு இடங்கள்:
- டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ். ஒன்ட்ரைவ் இவற்றை ஒத்திசைக்கும் கணினியில், திறந்திருக்கும் தரவுத்தளக் கோப்புகளிலும் அது கைவைக்கப் பார்க்கும்.
- பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள கோப்புறை.

வீட்டுப் பயிற்சிக்கு மட்டும், டி ட்ரைவ் இருந்தால் அதையே தெரிவுசெய்யச் சொல்வேன். எங்கள் பக்கத்தில் கணினியைத் திருத்தக் கொடுத்தால், பெரும்பாலும் சி ட்ரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் திருப்பித் தருவார்கள். சொந்தக் கணினி இல்லாதவர்கள் எக்ஸாம்பின் கையடக்கப் பதிப்பைப் பென் ட்ரைவின் மேல்மட்டத்திலேயே விரித்துக்கொள்ளலாம். அங்கே வைத்தால் பாதைகளைத் திருத்தாமலே அப்பாச்சி தொடங்கும். வேறொரு கோப்புறைக்குள் புதைத்தால், அதனுடன் வரும் அமைவு நிரலை ஒருமுறை இயக்க வேண்டும். பென் ட்ரைவைக் கழற்றுமுன் தரவுத்தளத்தை (எக்ஸாம்பில் மைஎஸ்கியூஎல் என்று இருப்பது) முறையாக நிறுத்துங்கள். பயிற்சியின் நடுவே மின்சாரம் போனால் அதற்கும் வாய்ப்பிராது என்பதால், தரவுத்தளத்தை அவ்வப்போது எஸ்கியூஎல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது.

நான் பயந்த சுபாவம் உடையவன் என்பதால், பக்கங்கள் இருக்கும் கோப்புறையையும் பரீட்சையில் மாற்றவில்லை. வினா அதைக் கேட்டாலோ, துணிச்சலுடன் மாற்ற விரும்பினாலோ, அப்பாச்சியின் அமைவுக் கோப்பில், அந்தக் கோப்புறையைக் குறிக்கும் டொக்கியூமென்ட் ரூட் வரியையும், அதற்கு அனுமதி தரும், கீழேயுள்ள டைரக்டரி வரியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் 403 என்ற மறுப்புத்தான் வரும். விண்டோஸாக இருந்தாலும் அந்தக் கோப்பில் முன்சாய்ந்த கோட்டையே (/) பயன்படுத்துங்கள்.

அப்பாச்சி வழக்கமாகப் பயன்படுத்தும் 80 ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) வேறொரு மென்பொருள் பிடித்திருந்தால், எதுவென்று தேடி நேரத்தைச் செலவிடாமல் 8080 க்கு மாற்றிவிட்டு, உலாவியில் முகவரிக்குப் பின்னால் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.