அசினு மாதா கோயில்: ஓட்டுக்கூரை காத்த ஓவியங்கள்

சைப்ரஸின் ட்ரூடோஸ் மலைச்சரிவில், நிகிதாரி கிராமத்தைத் தாண்டி ஐந்து கி.மீ. போனால் அசினு மாதா கோயில். வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் அடைக்கும் கொட்டகை என்றுதான் தோன்றும். கதவைத் தாண்டியதும் சுவர், வளைவு, விதானம் எங்கும் புனிதர்கள். தெற்கு வாசலுக்கு மேலே, கோயிலைச் சிறு உருவாகக் கையில் ஏந்தி மாதாவிடம் கொடுக்கிறார், கோயிலைக் கட்டுவித்த நிகெபோரோஸ் மாகிஸ்த்ரோஸ். கல்வெட்டுச் சொல்லும் ஆண்டு, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கில் 6614, நமக்கு 1105-06. மேற்குச் சுவரில் மாதாவின் துயில், அதாவது அவர் இறக்கும் காட்சி. ஆகஸ்ட் 15 திருநாளுக்கு உரியது அது. சற்று நேரம் அதன்முன் நிற்க வேண்டும்.

இத்தனை காலம் இவை நின்றதற்குக் காரணம் அந்தக் கொட்டகைக் கூரை. கல் வளைவுக்கு மேலே தனியாக மரச்சட்டம், ரீப்பர், அதில் கொக்கி மாட்டித் தொங்கும் தட்டை ஓடுகள். பனியும் மழையும் வழுக்கிப் போய்விடும். வளைவுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று ஓடும். அதனால் இத்தகைய கோயிலைச் சீரமைக்க வருபவர் முதலில் ஏணி வைத்து ஏற வேண்டும். ஒரு ஓடு நகர்ந்தாலும் நீர் வளைவில் இறங்கி ஓவியத்தின் முதுகில் ஊறும். கூரையும் வடிகாலும் முடியாமல் ஓவியத்தைத் தொடுவது வீண்வேலை.

அடுத்த எதிரி சிமென்ட். நல்லெண்ணத்தோடு பூசியதுதான், ஆனால் சுவர் மூச்சுவிடாது. அடைபட்ட ஈரம் ஓவியப் பூச்சு வழியாக வெளியேறும்போது உப்புப் பூத்து, வண்ணம் பொரிந்து உதிரும். சிமென்டைச் சிற்றுளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, பல மாதம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கு என்று சாந்து கலக்க வேண்டும். பழைய பூச்சில் விரிசல் விடாமலிருக்க வைக்கோல் கூளமும் சேர்த்திருப்பார்கள். பூசியபின் ஈரச்சாக்கு போர்த்துவது கட்டாயம். உறைபனிக் காலத்தில் இந்த வேலையே கூடாது; சாந்துக்குள் நீர் உறைந்து பிளந்துவிடும்.

பூச்சை விரல்முட்டியால் தட்டினால் 'டொக்' என்ற பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. உதிரும் வண்ணத்தின்மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி, சிறு துளையில் நீரும் ஆல்கஹாலும் செலுத்தி நனைத்து, பிறகு நீர்ம நிலையில் சுண்ணச்சாந்து ஏற்றுவார்கள். பஞ்சு வைத்த பலகையால் முட்டுக்கொடுப்பார்கள். அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால், அந்தக் கனத்திலேயே ஓவியம் சரியும்.

மெழுகுவர்த்திப் புகையைக் கழுவுவது கடைசி வேலை. முதலில் உலர் ஸ்பாஞ்சு. போகாத இடத்தில் மட்டும் அம்மோனியம் கார்பனேட் நனைத்த காகிதக்கூழ், சில நிமிடம். காய்ந்த பூச்சின்மேல் பசைகொண்டு தீட்டிய நீலத்தில் வைத்தால் நீலம் காகிதத்தோடு வந்துவிடும். அசினுவில் டம்பார்டன் ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் நிபுணர்கள் 1960களில் ஓவியங்களைச் சுத்தம் செய்தார்கள்; யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1985.

தரிசனத்துக்குப் போகிறவர்கள் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரில் சாயாதீர்கள். கிளம்பும்முன் முகமண்டப வளைவில் தீட்டியிருக்கும், சங்கிலி கட்டிய வேட்டைநாய்களைப் பார்க்கத் தவறாதீர்கள். பெரியவர்கள் புனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது அவைதான்.