போனை வைத்துவிடப் பழகுங்கள்

கனடாவுக்கு வருகிறவர்களுக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்குவது, பேஸ்மென்ட் வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், கிரெடிட் ஸ்கோரை எப்படி ஏற்றுவது, எல்லாம் சொல்வார்கள். சிம் கார்டு போட்ட கையோடு ஆரம்பிக்கும் தொல்லை போன் கால்களைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறேன். இங்கே நம் ஆட்கள் இந்தக் கால்களால் பணத்தையும் தூக்கத்தையும் இழப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குக் கொடுக்கப்படும் நம்பர் பெரும்பாலும் புது நம்பராக இருக்காது, வேறு யாரோ பயன்படுத்தி விட்டுப்போன நம்பராக இருக்கும். எனக்குக் கிடைத்த நம்பரின் பழைய சொந்தக்காரர் எங்கெங்கோ கடன் வைத்திருந்தார் போல. காலை, மாலை என்று கடன் வசூல் ஏஜென்சிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அவர் இல்லை என்றால், "சரி, உறுதிப்படுத்த உங்கள் பிறந்த தேதி சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லாதீர்கள். கூப்பிடுவது நிஜமான ஏஜென்சியாகவே இருந்தாலும், அடுத்தவர் கடனுக்காக நம் பிறந்த தேதியைக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒன்டாரியோவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. கடன்காரர் நாம் இல்லை என்று சொன்ன பிறகும் தொடர்ந்து கூப்பிடக்கூடாது, இரவு 9 மணிக்கு மேல் கூப்பிடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணியிலிருந்து 5 மணி வரைதான் கூப்பிடலாம். ஏஜென்சியின் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, "இந்த நம்பர் இப்போது என்னுடையது, இனி கூப்பிடாதீர்கள்" என்று எழுதி அனுப்பினேன். கால்கள் நின்றன.

அடுத்தது டக்ட் கிளீனிங். கனடாவில் இருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்வார்கள். இங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பேஸ்மென்டில் இருக்கும், அதிலிருந்து சுவருக்குள் ஓடும் தகரக் குழாய்கள் வழியாகச் சூடான காற்று ஒவ்வொரு அறைக்கும் போகும். அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்து தருகிறோம் என்றுதான் சமைக்கும் நேரம், சாப்பிடும் நேரம் என்று பார்க்காமல் கூப்பிடுகிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது வீட்டு ஓனர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் வந்த புதிதில் அது தெரியாதே. சிட்டி நிர்வாகத்திலிருந்தோ கேஸ் கம்பெனியிலிருந்தோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வீட்டு முகவரியைச் சொல்லி, வரச் சொல்லி, வந்தவர்கள் பேசிய விலைக்கு மேல் வாங்கிப் போன கதைகளை இந்த ஏரியாவில் நிறையவே கேட்கலாம்.

இந்த மாதிரி விற்பனைக் கால்களைத் தடுக்க 2008 முதல் தேசிய அளவில் ஒரு 'கூப்பிடாதே' பட்டியல் இருக்கிறது. சி.ஆர்.டி.சி என்ற தொலைத்தொடர்பு ஆணையத்தின் கீழ் வருவது. 1-866-580-3625 என்ற எண்ணுக்குப் போன் செய்து நம்பரை இலவசமாகச் சேர்க்கலாம், செல்போனையும் சேர்க்கலாம். நடைமுறைக்கு வர 31 நாள் வரை ஆகும். இதை மீறும் கம்பெனிக்கு ஒரு மீறலுக்கு 15,000 டாலர் வரை அபராதம். சேருங்கள், கட்டாயம் சேருங்கள். ஆனால் அதோடு நிம்மதி வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள், அரசியல் கட்சிகள், செய்தித்தாள் சந்தா கேட்பவர்கள், நீங்கள் சமீபத்தில் பொருள் வாங்கிய கடைகள், இவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டியலில் விலக்கு உண்டு. மோசடிக்காரனோ பட்டியலைப் பார்த்துவிட்டா கூப்பிடப் போகிறான்?

எனக்கு நிஜமாகவே கவலை தருவது அந்த மோசடிக் கால்கள்தான். "உங்கள் சின் நம்பர் முடக்கப்பட்டுவிட்டது, உங்கள் பெயரில் கைது வாரன்ட் இருக்கிறது, அதிகாரியிடம் பேச 1-ஐ அழுத்தவும்" என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும். சின் என்பது வேலைக்கும் வரிக்கும் வேண்டிய 9 இலக்க எண். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அது 9-இல் தொடங்கும், விசாவோடு சேர்ந்து அதற்கும் காலாவதி தேதி உண்டு. அதனால் மாணவர்களும் வொர்க் பெர்மிட்காரர்களும் ஏற்கெனவே அந்த எண்ணைப் பற்றி ஒரு பயத்தோடுதான் இருப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் சிரித்துவிட்டு வைத்துவிடும் போன் காலை, பி.ஆர் எனும் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவனால் அப்படி வைக்க முடியாது. ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறவன் அவன். அவர்கள் குறிவைப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் மருந்து வாங்க ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பையன், முதுகில் காலேஜ் பை, ஒரு கையில் கிஃப்ட் கார்டுகள் (பின்னால் இருக்கும் நம்பரைச் சொல்லிவிட்டாலே அதிலிருக்கும் பணம் போய்விடும்). காதில் போனைத் தோளால் இடுக்கிப் பிடித்திருந்தான். "யெஸ் சார், ஓகே சார், ஐ ஆம் இன் தி ஸ்டோர் சார்" என்று அவன் சொன்ன விதத்திலேயே நம்ம ஊர்ப் பையன் என்று தெரிந்துவிட்டது. வெளியே மைனஸில் இருக்கிறது, அவன் நெற்றியில் வியர்வை.

"தம்பி, தமிழா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். பேசாதீர்கள் என்பது போல விரலை உதட்டில் வைத்தான்.

"போலீஸ்னு சொல்றாங்களா? டாக்ஸ் ஆபீஸா? அந்த கார்டு பின்னாடி இருக்குற நம்பரைப் படிக்கச் சொன்னாங்களா?"

அவன் கண் கலங்கிவிட்டது. போனின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா, கட் பண்ணினா வீட்டுக்கு போலீஸ் அனுப்புவோம்னு சொல்றாங்க அண்ணா" என்றான்.

"அனுப்பட்டும். நான் கூட இருக்கேன். கட் பண்ணு."

அவன் கட் செய்தான். உடனே மறுபடியும் அடித்தது, திரையில் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன் நம்பரே வந்தது. அவன் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அதற்குள் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கும் விஷயம் புரிந்து, கார்டுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நல்லவேளை, அவன் இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை. அந்தக் காசு அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு அவன் அப்பா அனுப்பியது.

இரண்டாவது தடவை அடித்த நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறும் இடம் இதுதான். திரையில் எந்த நம்பர் தெரிய வேண்டும் என்பதைக் கூப்பிடுகிறவனே தீர்மானிக்க முடியும், இணையம் வழியாகப் பேசும் வசதிகளில் அது சுலபம். போலீஸ் நம்பர், வரித்துறை நம்பர், நம் நம்பரைப் போலவே 416, 647 என்ற டொரொண்டோ ஏரியா கோடில் தொடங்கும் நம்பர், எதையும் போட்டுக்கொள்வான். "நீதானே எனக்குக் கூப்பிட்டாய்" என்று முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் சண்டைக்கு வந்தால், உங்கள் நம்பரை எவனோ போட்டுக்கொண்டு அவருக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று அர்த்தம். 2019 டிசம்பரிலிருந்து, இருக்கவே முடியாத நம்பர்களிலிருந்து வரும் கால்களைப் போன் கம்பெனிகள் தடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2021 நவம்பரிலிருந்து, காட்டப்படும் நம்பர் உண்மையா என்று சரிபார்க்கும் தொழில்நுட்பத்தையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் பழைய வகை இணைப்புகளைத் தொட்டு வரும் கால்களில் அந்தச் சரிபார்ப்பு நடக்காது. ஆக, திரையில் தெரியும் நம்பர் ஒன்றுக்கும் சாட்சி ஆகாது.

பேசுகிறவர்கள் பல நேரம் நம் நாட்டுக்காரர்கள் என்பது மனதை இன்னும் அறுக்கிறது. 2016 அக்டோபரில் மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோட்டில் தாணே போலீஸ் சோதனை போட்டபோது, அமெரிக்க வரித்துறை என்று சொல்லி மிரட்டிய கால் சென்டர்கள் மாட்டின. கனடாவிலும் ஆர்.சி.எம்.பி என்ற தேசியப் போலீஸ் 2018-இல் 'ஆக்டேவியா' என்ற பெயரில் விசாரணை தொடங்கி, 2020 பிப்ரவரியில் பிராம்ப்டனில் ஒரு தம்பதியைக் கைது செய்தது, மோசடிப் பணத்தைக் கைமாற்ற உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. நம் பையன்களுக்கு அந்தக் குரலைக் கேட்டதும், இது ஏதோ இங்கே வேலை பார்க்கும் இந்திய அதிகாரி என்று ஒரு நம்பிக்கையே வந்துவிடுகிறது.

வரித்துறை நிஜமாகவே போன் செய்வதும் உண்டு, அதனால்தான் குழப்பம். ஆனால் அவர்கள் கிஃப்ட் கார்டில் பணம் கேட்க மாட்டார்கள், பிட்காயின் மெஷினில் போடச் சொல்ல மாட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் போலீஸ் வரும் என்று மிரட்ட மாட்டார்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட்டவர் பெயர், அலுவலகம், நம்பர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வைத்துவிடுங்கள். பிறகு 1-800-959-8281-க்கு நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையான அதிகாரி இதற்குக் கோபப்பட மாட்டார். பேங்க் என்று சொல்லிக் கூப்பிட்டாலும் இதேதான், கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்கள் கூப்பிட வேண்டும். வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. நீங்கள் வைத்த பிறகும் மோசடிக்காரன் வைக்காமல் இருந்தால் லைன் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கலாம், நீங்கள் டயல் செய்வது பேங்குக்குப் போகாமல் அவனிடமே போகலாம். வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள்.

தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் வேலை தேடிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது. இன்டர்வியூ கால் எந்த நம்பரிலிருந்தும் வரலாம், மருத்துவமனையிலிருந்து வரும் கால்களில் பல நேரம் நம்பரே தெரியாது. நான் எடுப்பேன், ஆனால் எடுத்ததும் என் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களே சொல்லட்டும் என்று காத்திருப்பேன். வாய்ஸ்மெயிலைக் கட்டாயம் தயார் செய்து வையுங்கள், அதுவும் சிம் வாங்கிய அன்றே. வேலை விஷயமாகக் கூப்பிடுபவர்கள் பொதுவாகச் செய்தி விட்டுவிடுவார்கள். மோசடியான குறுஞ்செய்தி வந்தால் அதை 7726-க்கு ஃபார்வர்ட் செய்யுங்கள், போன் கம்பெனிக்குத் தகவல் போகும்.

அம்மா, பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்து எங்களோடு இருக்கிறார். அவருக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. "ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது எப்படிடா பாதியில வைக்கிறது? என்ன நினைப்பாங்க?" என்பார். யாரிடமும் முகத்தில் அடித்தாற்போலப் பேசாமலே வாழ்ந்துவிட்ட தலைமுறை அது. "நினைச்சுக்கட்டும்மா, நீங்க வெச்சிடுங்க. அப்புறம் எனக்குப் போடுங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்கினேன். இங்கே வயதானவர்களைக் குறிவைக்கும் இன்னொரு மோசடி இருக்கிறது. பேரன் ஆக்சிடென்டில் மாட்டிக்கொண்டான், ஜாமீனுக்குப் பணம் வேண்டும், வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று கோர்ட் உத்தரவு, பணத்தை வாங்க ஆள் வீட்டுக்கே வருவான் என்பார்கள். ஜாமீன் பணம் வாங்க எந்தக் கோர்ட்டும் வீட்டுக்கு ஆள் அனுப்பாது. இப்போது கணினியை வைத்துப் பேரன் குரலையே செய்துவிடவும் முடிகிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம், ஊரில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு பெயர். யார் அவசரம் என்று கூப்பிட்டாலும் அம்மா முதலில் அதைத்தான் கேட்பார். மகனாகவே இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஒருவேளை சின் நம்பரோ பேங்க் விவரமோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். கணவரிடம் சொல்லாமல், ரூம்மேட்டிடம் சொல்லாமல் தனியாகவே வைத்து மருகுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முதல் போன் பேங்குக்கு. அப்புறம் கிரெடிட் ஸ்கோர் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டு கம்பெனிகளிலும் உங்கள் பெயரில் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரில் வேறொருவன் கடன் வாங்கிவிடுவான். உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து அந்தப் புகாரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் 1-888-495-8501-இல் சொல்லுங்கள். புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று அந்தப் பையனும் என்னிடம் கேட்டான். வராது, நீ பாதிக்கப்பட்டவன் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

பணம் போனவர்களுக்கு இன்னொரு கால் வரும், அது சில வாரம் கழித்துக்கூட வரலாம். உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத்தர ஒரு சின்னக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வக்கீல் போலவோ போலீஸ் போலவோ பேசுவார்கள். ஏமாந்தவர்களின் நம்பர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்கள் பெயர், போன தொகை எல்லாம் சரியாகவே சொல்வார்கள். அந்தக் காலையும் பாதியிலேயே வைத்துவிடுங்கள்.